இருக்குமிடம் அறிதல்

நடுக்கடலில் சாலையும் இல்லை, மைல்கல்லும் இல்லை. எத்திசை நோக்கினும் தொடுவானம் ஒரே வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். பெருங்கப்பலில் செல்வோருக்கு இவ்வெறுமை கண்டு வியப்பதற்குரிய காட்சி. முப்பது அடி நீளமுள்ள சிறுபடகில் செல்வோருக்கோ அது ஓயாமல் எழும் ஒரு வினா: 'இப்போது எங்கே இருக்கிறோம்?' விடை பிழையானால் கரை தவறும், குடிநீர் தீரும், இரவில் பாறைமேல் படகு மோதும். கடலோடியின் கலை முழுவதும் இந்த ஒரு வினாவிற்கு விடை தேடும் கலையே எனலாம்.

இன்று அவ்விடையை உள்ளங்கை அளவுள்ள ஒரு மின்னணுக் கருவி நொடிப்பொழுதில் தந்துவிடுகிறது. எனவே, விண்மீனையும் ஞாயிற்றையும் அளந்து வழி கண்ட பழைய கருவிகள் அருங்காட்சியகத்திற்கு மட்டுமே உரியன என்று பலர் எண்ணுகின்றனர். மின்னணுக் கருவிகளை நம்பியதால் கடலோடிகள் கண்ணையும் கருத்தையும் இழந்துவிட்டனர் என்று வருந்துவோரும் உள்ளனர். இவ்விரு கூற்றுகளும் கடலில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைச் சிறுபடகுகளின் வரலாறே காட்டும்.

பம்பாயில் பிறந்த படகு

1968ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து சுஹைலி என்னும் பாய்மரப் படகு புறப்பட்டது. அதன் நீளம் 32 அடி. நம் நாட்டின் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு அது. அதில் இருந்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் இளைஞர் ஒருவர் மட்டுமே. எத்துறைமுகத்திலும் நில்லாமல், எவர் துணையும் இல்லாமல் உலகைச் சுற்றிவரும் போட்டியில் புறப்பட்டவர் ஒன்பது பேர். அவர்களுள் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. 312 நாள்களுக்குப்பின், 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், புறப்பட்ட துறைமுகத்திற்கே அவர் திரும்பி வந்தார்.

அவருடைய வானொலிக் கருவி வழியிலேயே பழுதுற்றது. நியூசிலாந்தைக் கடந்தபின் நான்கு மாதங்களுக்கு மேலாக அவரைப் பற்றிய செய்தி ஏதும் கரைக்கு எட்டவில்லை. அவர் இறந்திருக்கக்கூடும் என்றும் பலர் அஞ்சினர். அவரிடம் இருந்தவை காந்தத் திசைகாட்டியும், காலங்காட்டும் கடிகாரமும், தாளில் அச்சிட்ட கடல் வரைபடங்களும், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் என்னும் கருவியும்தாம். தாம் எங்கிருக்கிறோம் என்பதை அவர் நாள்தோறும் அறிந்திருந்தார். உலகம்தான் அறியாதிருந்தது. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்வோம். அரை நூற்றாண்டுக்குப்பின் இதே போட்டியில் இந்நிலை தலைகீழாக மாறியது.

பல்லிடைக் கயிறும் கைப்பலகையும்

செக்ஸ்டன்ட் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியப் பெருங்கடலில் வான்மீன்களை அளந்து கலம் செலுத்தினர். அதற்குப் பயன்பட்ட கருவி மிக எளியது. உள்ளங்கை அளவுள்ள ஒரு மரப்பலகை. அதன் நடுவில் துளையிட்டுக் கோத்த ஒரு கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். அரபு நாட்டுக் கடலோடிகள் இதனைக் கமால் என்றனர். தமிழில் இது இராப்பலகை எனப்பட்டது. இராப்பொழுதில் பயன்படும் பலகை என்னும் பொருளில் அமைந்த பொருத்தமான பெயர்.

வடமீன் தொடுவானத்திற்குமேல் எத்தனை பாகை உயரத்தில் தோன்றுகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை வட அட்சக்கோட்டில் நாம் நிற்கிறோம். குமரிமுனையில் நிற்பவருக்கு அது எட்டுப் பாகை உயரத்தில் தாழ்ந்து தெரியும். சென்னையில் நிற்பவருக்குப் பதின்மூன்று பாகை உயரத்தில் தெரியும். ஒரு பாகை அறுபது கடல் மைலுக்குச் சமம். ஆகவே, வடமீனின் உயரத்தை அளந்தால் வடக்கிலும் தெற்கிலும் எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்பது விளங்கிவிடும்.

கடலோடி கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லிடையே கடித்துக்கொள்வார். கயிறு இறுகும்வரை பலகையைக் கண்ணெதிரே நீட்டிப் பிடிப்பார். பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தைத் தொட, மேல்விளிம்பில் வடமீன் அமர்ந்தால், அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்கோட்டிற்கு வந்துவிட்டோம் என்று பொருள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தைக் குறித்தது. 1850ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில், சோழமண்டலக் கரையின் கடலோடிகள் கையாண்ட இத்தகைய கருவிகளைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் விரித்து எழுதியுள்ளார்.

இக்கருவி கிழக்கு மேற்குத் தொலைவைச் சொல்லாது. ஆயினும், நம் கிழக்குக் கரைக்கு அக்குறை பெரிதன்று. கரை வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், வங்கக் கடலைக் கடந்து நாகப்பட்டினம் திரும்பும் மாலுமி, வடமீன் நாகப்பட்டினத்து முடிச்சிற்குப் பொருந்தும் இடம்வரை வந்து, அங்கிருந்து நேர் மேற்கே கலத்தைத் திருப்பினால் போதும். மேற்கே கரை என்றைக்கும் காத்திருக்கும். கரை நெருங்குவதைக் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு சொல்லிவிடும். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் மணல் ஒட்டி வருகிறதா, சேறு ஒட்டி வருகிறதா என்று பார்த்தே கடற்பகுதியை அடையாளம் காண்பர். ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பர். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். அளவுகோலைத் தனியே சுமந்து செல்ல வேண்டியதில்லை.

நண்பகலும் நொடியும்

நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே வடமீன் தெரியாது. அங்கு ஞாயிறே துணை. நண்பகலில் ஞாயிறு உச்சியை எட்டும்போது அதன் உயரத்தை அளந்து, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஞாயிற்றின் நிலையைத் தரும் கடற்பயணப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் அட்சக்கோடு கிடைக்கும். செக்ஸ்டன்ட் இவ்வளவைச் செம்மையாகச் செய்கிறது. அதன் இரு கண்ணாடிகள் ஞாயிற்றின் உருவைக் கீழிறக்கித் தொடுவானத்தின்மீது அமர்த்துகின்றன. இரண்டையும் ஒரே பார்வையில் காண்பதால், ஆடும் படகிலும் அளவு பெரிதும் சிதைவதில்லை.

தீர்க்கக்கோட்டை அறிவதே நெடுங்காலம் மனிதர்க்கு எட்டாதிருந்தது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகின்றன. சென்னையில் ஞாயிறு உச்சியை எட்டி ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்தே மும்பையில் உச்சியை எட்டுகிறது. ஆகவே, புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று படகில் இருந்தால், நண்பகல் எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று கணித்துத் தீர்க்கக்கோட்டைக் கண்டுவிடலாம். அலைகளின் ஆட்டத்திலும் நேரம் தவறாத கடிகாரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாக்கியவர் ஜான் ஹாரிசன் என்னும் இங்கிலாந்துத் தச்சர். கடிகாரம் நான்கு நொடி பிழைத்தால் நிலநடுக்கோட்டுப் பகுதியில் படகின் இடம் ஒரு கடல் மைல் பிழைக்கும்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயல், சிறுபடகில் எளிதன்று. ஒரு கையால் கருவியையும் மறு கையால் பாய்மரக் கயிற்றையும் பற்றிக்கொண்டு, படகு அலையின் முகட்டிற்கு ஏறும் கணத்தில் மட்டும் அளக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிவிட்டால் எதிரே தெரிவது தொடுவானம் அன்று, அடுத்த அலையே. வானம் மூடிக்கிடக்கும் நாள்களில் அளப்பதற்கே ஏதும் இராது. அப்போது, எத்திசையில் எவ்வேகத்தில் எத்தனை மணிநேரம் வந்தோம் என்னும் கணக்கே வழி. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்திருந்தால் அக்கணக்கும் பொய்க்கும். எனவே, தேர்ந்த கடலோடி வரைபடத்தில் தம் இடத்தை ஒரு புள்ளியாகக் கருதுவதில்லை. 'இவ்வட்டத்திற்குள் எங்கோ இருக்கிறேன்' என்றே கொள்கிறார். அவ்வட்டம் நாளுக்கு நாள் எவ்வளவு பெரிதாகிறது என்பதையும் அவர் அறிவார். பழைய கருவிகள் கற்பித்தவற்றுள் இந்த ஐயம் மிக அரியது.

மனிதன் ஏற்றிய விண்மீன்கள்

ஜி.பி.எஸ். எனப்படும் புவியிடங்காட்டியும் வானையே நோக்குகிறது. அது நோக்கும் விண்மீன்கள் மனிதன் ஏற்றிவைத்தவை என்பதுதான் வேறுபாடு. 1978இல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் ஒன்றைத் தாங்கி, தன் நேரத்தை ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பேனும் வந்து சேர்ந்தால், ஒவ்வொன்றும் வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். ஹாரிசனின் கடிகாரத்தில் நான்கு நொடிப் பிழை ஒரு மைல். இங்கோ ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீட்டர் தவறிவிடும். காலத்தை அளந்து இடத்தை அறியும் அதே கணக்குத்தான், கூர்மைதான் பன்மடங்கு.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. அது நீக்கப்பட்டபின் எளிய கருவியும் சில மீட்டர் அளவிற்குள் இடத்தைச் சொல்லலாயிற்று. மூடுபனியிலும் நள்ளிரவிலும், மழையிலும் அது சொல்லும். பயன்படுத்துவோர்க்குக் கணிதம் தேவையில்லை. உடல் சோர்ந்து, மூன்று நாள் உறங்காமல், நனைந்த ஆடையோடு சுக்கானைப் பிடித்திருக்கும் ஒருவருக்கு இஃது எத்தகைய ஆறுதல் என்பதைக் கரையில் அமர்ந்து பழமையைப் போற்றுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திரையில் தோன்றாத திட்டு

ஆயினும், கருவி சொல்வது நம் இடத்தை மட்டுமே. அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்பதை வரைபடமே சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இரவு, உலகைச் சுற்றும் வேறொரு போட்டியில் ஈடுபட்டிருந்த 65 அடிப் பாய்மரப் படகு ஒன்று, மொரீசியசுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோசு கராசோசு என்னும் பவளத்திட்டின்மேல் முழு வேகத்தில் மோதியது. அப்படகில் மிகச் சிறந்த மின்னணுக் கருவிகள் இருந்தன; தேர்ந்த மாலுமிகள் ஒன்பது பேர் இருந்தனர். தாம் எங்கிருக்கிறோம் என்பதை அவர்கள் சில மீட்டர் துல்லியத்தில் அறிந்திருந்தனர்.

பின் எவ்வாறு மோதினர்? திரையில் வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது சிறிய விவரங்கள் மறைந்துவிடும். பெருங்கடல் முழுவதையும் ஒரே திரையில் அடக்கிப் பார்த்தபோது, அத்திட்டு ஆழங்குறைந்த பகுதியாகத் தோன்றியதேயன்றி, நீருக்குமேல் தலைநீட்டும் பாறையாகத் தோன்றவில்லை. விரலால் திரையை விரித்திருந்தால் தெரிந்திருக்கும். நல்வாய்ப்பாக ஒன்பதின்மரும் உயிர் தப்பினர். கருவி பொய் சொல்லவில்லை. கேட்காத வினாவிற்கு அது விடை சொல்லாது, அவ்வளவுதான். தாளில் அச்சிட்ட வரைபடத்தில் கோலூன்றிக் கோடு இழுப்பவரின் கண், அக்கோடு கடக்கும் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டே செல்ல வேண்டியிருந்தது.

முத்திரையிட்ட பெட்டி

நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகைச் சுற்றியதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 2018இல் அப்போட்டி மீண்டும் நடத்தப்பட்டது. விதிகள் வியப்பிற்குரியவை. படகுகள் பழைய வடிவமைப்பில், 32 முதல் 36 அடி நீளத்திற்குள் இருக்க வேண்டும். செக்ஸ்டன்ட், தாள் வரைபடம், காற்றின் விசையால் சுக்கானைத் திருப்பும் தகடு ஆகியவற்றைக் கொண்டே செல்ல வேண்டும். புவியிடங்காட்டி படகில் உண்டு. ஆனால், பெட்டியில் வைத்து முத்திரையிடப்பட்டிருக்கும். உயிருக்கு இடர் நேர்ந்தாலன்றி அதை உடைத்தல் கூடாது.

இன்னொரு கருவியும் படகில் பொருத்தப்பட்டிருந்தது. அது படகின் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். படகில் இருப்பவருக்கு மட்டும் காட்டாது. எங்கோ ஒரு சிற்றூரில் கணினிமுன் அமர்ந்த மாணவர்கூட அப்படகு எங்கே செல்கிறது என்று பார்க்கலாம். படகைச் செலுத்துபவரோ செக்ஸ்டன்டை எடுத்துக்கொண்டு மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி அப்போட்டியில் கலந்துகொண்டார். அவருடைய படகு துரியா, சுஹைலியைப் போன்றே கோவாவில் கட்டப்பட்டது. 2018 செப்டம்பர் 21ஆம் நாள், தென் இந்தியப் பெருங்கடலில் பெரும்புயல் ஒன்றில் படகு புரண்டது, பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பில் கடுமையாக அடிபட்ட டோமி, படுக்கையிலிருந்து எழவும் இயலாதவரானார். அருகிலுள்ள பெருநிலமான ஆத்திரேலியாவின் மேற்குக் கரை 1,900 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது.

செக்ஸ்டன்டைக் கையிலெடுக்க முடியாத நிலையில் அக்கலையின் நுட்பம் அவருக்கு என்ன செய்துவிட முடியும்? அவரைக் காத்தது மின்னணுக் கருவியே. தம் நிலையை அவர் குறுஞ்செய்தியாக அனுப்பினார். இடத்தைக் கரை முன்னரே அறிந்திருந்தது. இந்தியக் கடற்படையின் வானூர்தி பறந்து சென்று படகைக் கண்டது. செப்டம்பர் 24ஆம் நாள் ஓசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. சுஹைலியின் காலத்தில் இதே இடர் நேர்ந்திருந்தால் அவரைத் தேடி எத்திசையில் செல்வது என்பதுகூட எவருக்கும் தெரிந்திராது.

அறுவை மருத்துவத்தில் முதுகில் உலோகத் தண்டு பொருத்தப்பட்டபின், 2022இல் அவர் அதே போட்டிக்கு மீண்டும் சென்றார். இம்முறை 16 பேர் புறப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள், பின்லாந்தைச் சேர்ந்த தாபியோ லெஹ்தினெனின் அஸ்டீரியா என்னும் படகு தென்னாப்பிரிக்காவிற்குத் தென்கிழக்கே சில நிமிடங்களில் மூழ்கிப்போனது. அவர் உயிர்காப்பு மிதவைக்குத் தாவினார். அவருடைய இடர் அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியே கூவியது. ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் இருந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். முத்திரையை உடைத்துப் புவியிடங்காட்டியைப் பயன்படுத்த அவருக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இரவு முழுவதும் தம் கையாலேயே சுக்கானைப் பிடித்து அவர் அவ்விடம் சேர்ந்தார்.

இடம் துல்லியமாகத் தெரிந்தும், பேரலைகளுக்கிடையே அச்சிறு மிதவை எளிதில் கண்ணில் படவில்லை. அலை உயரும்போது மட்டும் தோன்றி மறையும் ஒன்றைத் தேடிப் பிடிப்பது பழகிய கண்ணால்தான் ஆகும். இறுதியில் அவர் லெஹ்தினெனைத் தம் படகில் ஏற்றிக்கொண்டு, தார்யா காயத்ரி என்னும் சரக்குக் கப்பலில் சேர்த்துவிட்டுத் தம் வழியே சென்றார். செக்ஸ்டன்ட் கொண்டு ஒரு மைல், இரு மைல் பிழையோடு இடமறிதல் பயணத்திற்குப் போதும். மிதவையில் நடுங்கும் ஒருவரைக் கண்டெடுக்கப் போதாது. அப்பெட்டி முத்திரையோடு படகிலேயே இருக்க வேண்டும் என்று விதித்தவர்கள் இதனை உணர்ந்தே விதித்தனர்.

2023 ஏப்ரல் 27ஆம் நாள் நாய்ஷேஃபர் பிரான்சின் கரையை முதலில் அடைந்தார். முந்திச் செல்பவர் யார், பிந்தி வருபவர் யார் என்னும் செய்தி பயணத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. தாமே முதல்வர் என்பதை முடிவிடத்தை நெருங்கியபின்னரே அறிந்தார். இரு நாள் கழித்து அபிலாஷ் டோமி இரண்டாமவராக வந்து சேர்ந்தார்.

பாரும் கணியமும்

உலகைச் சுற்றுவோரின் செயல் வீரம். விரும்பி ஏற்றுக்கொண்ட இடர். அன்றாட உணவுக்காகக் கடலேகும் மீனவர்க்கு இவ்வினா வேறு வகையில் எழுகிறது. குமரி மாவட்டக் கடற்கரையில் கட்டுமரத்தில் சென்று தூண்டில் இடுவோர் தேடுவது கடலடியில் கிடக்கும் பார்களை. பார் என்பது நீரடிப் பாறைத்திட்டு. கலவா முதலிய மீன்கள் கூடி வாழும் இடம். மேலிருந்து பார்த்தால் எங்கும் ஒரே நீர்தான். எனினும், முன்பு சென்ற அதே பாரின்மேல் மீண்டும் கட்டுமரத்தை நிறுத்த அவர்களால் முடிந்தது.

கரையில் உள்ள தேவாலயக் கோபுரம் ஒன்று, அதன் பின்னே தெரியும் மலைமுடி ஒன்றோடு நேர்கோட்டில் அமைய வேண்டும். அதேபோது வேறொரு பக்கத்தில் பனைக்கூட்டம் ஒன்று மற்றொரு குன்றோடு பொருந்த வேண்டும். இவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார். இவ்வாறு குறிபார்த்து இடமறிவதைக் கணியம் என்பர். கருவி எதுவும் இல்லை, நினைவே கருவி. பார்களுக்குப் பெயர் உண்டு. எந்தப் பாருக்கு எக்கோபுரம், எந்த முடி என்பதைத் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுப்பார், அயலார்க்குச் சொல்லமாட்டார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் திசைகளும், நீவாடு என்னும் நீரோட்டத்தின் போக்கும், நீரின் நிறமும் அந்நினைவோடு பின்னிக்கிடந்தன.

புவியிடங்காட்டி வந்தபின் பார் என்பது இரண்டு எண்கள் ஆயிற்று. ஒருமுறை சென்று பொத்தானை அழுத்தினால் கருவி அவ்விடத்தை என்றும் மறவாது. கரை தெரியாத தொலைவிலும், மழை திரையிட்ட நாளிலும் வழி காட்டும். கணியத்தால் எட்டமுடியாத ஆழ்கடலில், தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் அரபிக் கடலின் நெடுந்தொலைவிற்குச் சென்று மீன்பிடிக்க அக்கருவி பெருந்துணையாயிற்று. அதே வேளையில், ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்த பாரின் இடம், ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்கு நொடியில் படியெடுக்கப்படலாயிற்று. யாருக்கும் மறைபொருள் இல்லை என்பது ஒருவகையில் நன்றே. எல்லோரும் ஒரே பாரின்மேல் கூடினால் மீன் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு வினா. தந்தை தம் மகனைப் பக்கத்தில் அமர்த்திக் கரையைக் காட்டிச் சொல்லித்தரும் தேவையும் அத்துடன் குறைந்தது. அத்தேவை குறைந்தபோது மறைந்தவை கோபுரமும் முடியும் மட்டும் அல்ல. அவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட காற்றும் நீவாடுமே.

ஒக்கிக்குப் பின்

2017 நவம்பர் 29ஆம் நாள் இலங்கையை ஒட்டிய கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே ஒக்கிப் புயலாகிக் குமரிக் கடலைத் தாக்கியது. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட குமரி, கேரள மீனவர் பலர் மீளவில்லை. விசைப்படகுகளில் புவியிடங்காட்டிகள் இருந்தன. தாம் எங்கிருக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். புயல் எங்கிருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை. கைப்பேசியின் அலை கரையிலிருந்து 10, 12 கி.மீ. தொலைவிற்கு மேல் எட்டுவதில்லை. படகிலுள்ள வானொலிக் கருவிகளின் எல்லையும் குறுகியதே.

வானிலும் நீரிலும் தோன்றும் மாற்றம் கண்டு புயலை முன்னறியும் திறம் மூத்த மீனவர்க்கு உண்டு. ஒரே நாளில் வலுப்பெற்று எழும் புயலின் முன், ஆழ்கடலில் நிற்கும் படகிற்கு அவ்வறிவும் போதிய காலம் தராது. பழைய அறிவையும் புதிய கருவியையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவோர் காண வேண்டியது இந்த இடத்தைத்தான். இருக்குமிடம் அறிதல் என்பது ஒன்று; கரையோடு பேசுதல் என்பது மற்றொன்று. முன்னதைக் கண்ணாலும் கணக்காலும் மனிதர் செய்துகாட்டினர். பின்னதற்கு மின்னணுக் கருவியை விட்டால் வேறு வழியே இல்லை.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் பின்னர் விரைந்தன. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடங்களின் குறிப்பையும் அது பெற்று, மீனவரின் கைப்பேசிக்குத் தருகிறது. படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப அதனால் இயலாது. இஸ்ரோ உருவாக்கிய இடர் அறிவிப்புக் கருவியின் புதிய வடிவம், உதவி வேண்டும் என்னும் கூக்குரலை அனுப்புவதோடு, அது கேட்கப்பட்டது என்னும் மறுமொழியையும் படகிற்குத் தருகிறது. மிதவையில் கிடப்பவருக்கு அம்மறுமொழி எவ்வளவு பெரிது! நாடு முழுவதும் ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்திக் கருவிகளைப் பொருத்தும் திட்டமும் 2024இல் தொடங்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் மின்சாரம் வேண்டும். கண்ணாடியிழைப் படகில் மின்கலம் உப்புநீர் தெறிக்கும் இடத்திலேயே இருக்கிறது. கம்பிகள் பச்சைபிடிக்கும், மின்னல் தாக்கினால் கருவிகள் ஒருசேர அவியும். பகைமை நிலவும் கடற்பகுதிகளில் புவியிடங்காட்டியின் அலைகளைக் குலைக்கவும், பொய்யான இடத்தைக் காட்டச் செய்யவும் கற்றுவிட்டனர். இத்தகைய அச்சம் காரணமாகவே, 1990களின் இறுதியில் விண்மீன்வழிப் பயணக்கலையைப் பாடத்திலிருந்து நீக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம், 2015இல் அதனை மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது.

நம் கரையின் படகுகளில் காந்தத் திசைகாட்டி இன்றும் இருக்கிறது. அதற்கு மின்கலம் தேவையில்லை. இரவில் அதன் முள்ளையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தால் கண் சோர்ந்துவிடும். ஆகவே, சுக்கான் பிடிப்பவர் திசைகாட்டியைப் பார்த்துப் படகை நேராக்கியபின், முன்னால் தொடுவானத்தருகே தெரியும் ஒரு வெள்ளியைக் குறித்துக்கொள்வார். விண்மீனை வெள்ளி என்பது கடற்கரை வழக்கு. சிறிது நேரத்தில் அது மேலேறியோ, கீழிறங்கியோ விலகிவிடும். அப்போது திசைகாட்டியை மீண்டும் ஒருமுறை பார்த்து, வேறொரு வெள்ளியைத் தேர்ந்துகொள்வார். புவியிடங்காட்டியின் திரை பக்கத்திலேயே ஒளிர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகும்வரை அவருக்குக் கவலையில்லை. ஒவ்வாதபோதுதான் அடுத்து உறங்குபவரை எழுப்புவார்.